ஐந்து பேர், பதினைந்து கணக்குகள்: ஒரு டர்பன் குடும்பத்தின் முதலீட்டுப் பதிவேடு ஒழுங்குபட்ட விதம்

ஒரு குடும்பத்தின் முதலீடுகளை ஒரே மென்பொருளில் கொண்டுவரும்போது எந்தக் கணக்கை எதன் கீழ் வைப்பது என்பதே முதல் கேள்வி. நிறுவனவாரியாக வைப்பதா, நோக்கவாரியாக வைப்பதா, ஆள்வாரியாக வைப்பதா என்பதில் எடுக்கும் முடிவு பிற்பாடு வரிக் கணக்கிலும், வாரிசுரிமையிலும், குடும்பத்தினருக்குள் நம்பிக்கையிலும் வந்து நிற்கிறது. டர்பனை அடுத்த இசிப்பிங்கோவில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தோடு சேர்ந்து அதன் பதிவேட்டை அமைத்த அனுபவத்தை வைத்து இந்தக் கேள்வியை இங்கே ஆராய்கிறேன். குடும்பத்தாரின் ஒப்புதலுடன் எழுதுவதால் பெயர்களைத் தவிர்த்து, தொகைகளை முழு எண்களாக மாற்றியிருக்கிறேன். வரம்புகளும் விகிதங்களும் தென்னாப்பிரிக்காவில் 2023-24, 2024-25 வரி ஆண்டுகளில் நடப்பில் இருந்தவை. அங்கே வரி ஆண்டு மார்ச் முதல் தேதி தொடங்கிப் பிப்ரவரி இறுதியில் முடிகிறது.

குடும்பமும் பழைய பதிவேடும்

தந்தைக்கு 71 வயது. துணி ஆலையொன்றில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். தாய்க்கு 67, அரசுப் பள்ளி ஆசிரியையாகப் பணியாற்றியவர். மகள் மருந்தாளுநர், அவருடைய மகனுக்கு ஒன்பது வயது. மகன் ஜோகன்னஸ்பர்க்கில் மென்பொருள் துறையில் இருக்கிறார். மருமகன் தம் கணக்குகளை இதில் சேர்க்க விரும்பவில்லை. அவருக்கும் மகளுக்கும் திருமணத்துக்கு முன்பே சொத்துப் பிரிவினை ஒப்பந்தம் எழுதப்பட்டிருப்பதால் அவரை விட்டுவிட்டே பதிவேடு முழுமையாக அமைய முடிந்தது.

தந்தையின் பெயரில் நான்கு கணக்குகள்: ஓய்வுத்தொகையிலிருந்து வாங்கிய லிவிங் ஆனுயிட்டி (பணத்தை முதலீட்டில் வைத்தபடியே அதிலிருந்து வருமானம் எடுக்கும் திட்டம்), வங்கி நிரந்தர வைப்பு, காப்பீட்டு நிறுவனமான ஓல்ட் மியூச்சுவல் மற்றும் நெட்பேங்க் வங்கியின் பங்குகள், புத்துமா நாத்தி பங்குகள். தாயின் பெயரில் ஒரு வரியற்ற சேமிப்புக் கணக்கும் ஒரு பணச்சந்தை யூனிட் டிரஸ்டும் (பரஸ்பர நிதி) இருந்தன. மகளுக்கு இரண்டு வெவ்வேறு நிறுவனங்களில் வரியற்ற சேமிப்புக் கணக்குகள், ஒரு ரிட்டயர்மென்ட் ஆனுயிட்டி (சுருக்கமாக ஆர்.ஏ., தனிநபர் ஓய்வுச் சேமிப்பு நிதி), ஒரு சாதாரண யூனிட் டிரஸ்ட். பேரனுக்கு ஒரு வரியற்ற சேமிப்புக் கணக்கும், தாத்தா போட்டுக் கொடுத்த ஒரு வங்கி வைப்பும். மகனுக்குத் தென்னாப்பிரிக்க நாணயமான ராண்டில் ஒரு பங்குக் கணக்கு, ஒரு வரியற்ற சேமிப்புக் கணக்கு, டாலரில் ஒரு பங்குக் கணக்கு. ஆகப் பதினைந்து.

2022 ஏப்ரலில் டர்பனைத் தாக்கிய பெருவெள்ளத்தில் வீட்டின் கீழ்த்தளத்தில் இருந்த கோப்புகள் பெரும்பகுதி நனைந்து வீணாயின. அதன்பின் மகள் ஒரு எக்செல் கோப்பைத் தொடங்கினார். நிறுவனத்துக்கு ஒரு தாள் என்பது அவர் வகுத்த முறை. அந்தந்த நிறுவனத்திலிருந்து வரும் அறிக்கையைப் பார்த்து அந்தந்தத் தாளில் எண்களை ஏற்றிவிடலாம் என்பதால், செய்பவருக்கு எளிதான முறைதான். பெரும்பாலான குடும்பங்கள் இப்படித்தான் தொடங்குகின்றன. முதலீட்டு நிறுவனங்களின் செயலிகளும் இதே வடிவத்தைத்தான் நமக்குப் பழக்குகின்றன.

எங்கே பிசகியது

வரியற்ற சேமிப்புக் கணக்கு 2015 மார்ச் முதல் தேதி அறிமுகமானது. தொடக்கத்தில் ஆண்டுக்கு 30,000 ராண்டாக இருந்த செலுத்து வரம்பு 2017-இல் 33,000 ஆகவும் 2020-இல் 36,000 ஆகவும் உயர்ந்தது. வாழ்நாள் வரம்பு 500,000 ராண்ட். உள்ளே ஈட்டப்படும் வட்டிக்கும் பங்காதாயத்துக்கும் மூலதன ஆதாயத்துக்கும் வரி இல்லை. வரம்பு ஆளுக்குரியது, கணக்குக்கோ நிறுவனத்துக்கோ உரியதல்ல. ஒருவர் எத்தனை நிறுவனங்களில் கணக்கு வைத்திருந்தாலும் எல்லாவற்றிலும் செலுத்தியதன் கூட்டுத்தொகைதான் பார்க்கப்படும். வரம்பை மீறிய தொகையில் 40 சதவீதம் அபராதமாகப் போய்விடும். குழந்தையின் பெயரில் பெற்றோர் செலுத்தினால் அது குழந்தையின் வரம்பில் சேரும்.

இப்போது மகளின் தாள்களைப் பாருங்கள். 2023-24 வரி ஆண்டில் முதல் நிறுவனத்தின் தாளில் அவர் மாதம் 2,000 ராண்ட் வீதம் தமக்காகச் செலுத்திய 24,000 ராண்டும், மாதம் 1,000 வீதம் பையனுக்காகச் செலுத்திய 12,000 ராண்டும் அடுத்தடுத்த வரிசைகளில் இருந்தன. அடியில் கூட்டுத்தொகை 36,000. வரம்பு மிகச் சரியாக நிரம்பியது போன்ற தோற்றம். இரண்டாம் நிறுவனத்தின் தாளில், பிப்ரவரியில் போனஸ் வந்ததும் மொத்தமாகச் செலுத்திய 15,000 ராண்ட் தனியாக இருந்தது; அது வரம்பில் பாதியைக்கூடத் தொடவில்லை. இரண்டு தாள்களுமே தம்மளவில் பிழையற்றவை. ஆனால் ஆள்வாரியாகக் கூட்டினால் மகள் செலுத்தியது 39,000; மீறல் 3,000; அபராதம் 1,200 ராண்ட். பையனின் வரம்பிலோ 24,000 ராண்ட் பயன்படாமல் கிடந்தது. ஆண்டு வரம்பில் மிஞ்சியதை அடுத்த ஆண்டுக்கு எடுத்துச் செல்ல முடியாது என்பதால் அது போனது போனதுதான்.

ஆயிரத்து இருநூறு ராண்ட் பெரிய தொகையல்ல. ஆனால் கூட்டல் சரியாக இருந்தும் முடிவு தவறாக இருந்ததுதான் மகளை உறுத்தியது. அது எக்செலின் குறையல்ல. கணக்குகளை வேறொரு மென்பொருளில் இதே நிறுவனவாரி அமைப்பில் ஏற்றியிருந்தாலும் அதே 36,000 அதே இடத்தில் வந்து நின்றிருக்கும்.

ஆள் முதலில், உறை அடுத்து

மென்பொருளாகக் குடும்பம் தேர்ந்தது போர்ட்ஃபோலியோ பெர்ஃபார்மன்ஸ். கட்டணமில்லாத, மூலநிரல் திறந்த மென்பொருள் அது. தரவு நம் கணினியிலேயே ஒரே கோப்பாக இருக்கிறது. அதைக் கடவுச்சொல் வைத்துப் பூட்டிக்கொள்ளலாம். அடையாள எண்ணையும் வங்கி விவரத்தையும் இணையத்தில் வேறொருவரிடம் ஒப்படைக்கத் தந்தைக்கு மனமில்லை என்பதால் இந்தத் தேர்வு எளிதாக முடிந்தது. பங்குகள் இருக்கும் கணக்கு ஒன்று, அதற்கு இணையாகப் பணம் வந்துபோகும் கணக்கு ஒன்று என்று இரட்டையாக அது அமைந்திருக்கும்.

கணக்குகளுக்குப் பெயர் வைப்பதில்தான் அமைப்பே இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. இங்கே பின்பற்றிய வரிசை: முதலில் சட்டப்படி உரிமையாளர், அடுத்து வரி உறை, கடைசியில் நிறுவனம். ‘மகள் – வரியற்றது – முதல் நிறுவனம்’, ‘மகள் – வரியற்றது – இரண்டாம் நிறுவனம்’, ‘மகள் – ஆர்.ஏ.’, ‘பேரன் – வரியற்றது – முதல் நிறுவனம்’ என்கிற மாதிரி. உறை என்று நான் சொல்வது, ஒரே முதலீடு எந்தச் சட்ட ஏற்பாட்டுக்குள் வைக்கப்பட்டிருக்கிறது என்பதை. பெயர் அகரவரிசையில் அடுக்கப்படும்போது ஒருவருடைய வரியற்ற கணக்குகள் அனைத்தும் அருகருகே வந்துவிடுகின்றன. மகளின் இரண்டு கணக்குகளையும் ஒரு குழுவாகச் சேர்த்து, அதில் வெளியிலிருந்து வந்த தொகைகளை மட்டும் வரி ஆண்டுக்குப் பார்த்தால் செலுத்திய கூட்டுத்தொகை உடனே தெரிகிறது.

உறையை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. ஜோகன்னஸ்பர்க் சந்தையின் பெரிய நாற்பது பங்குகளைப் பின்தொடரும் சாட்ரிக்ஸ் 40 என்ற இ.டி.எஃப். (சந்தையில் பங்கு போலவே வாங்கி விற்கும் நிதி) 2000-ஆம் ஆண்டிலிருந்து புழக்கத்தில் இருக்கிறது. இந்த நாட்டின் முதல் இ.டி.எஃப். அதுதான். மகனிடம் அது சாதாரணக் கணக்கிலும் இருந்தது, வரியற்ற கணக்கிலும் இருந்தது. சாதாரணக் கணக்கில் 500 ராண்ட் பங்காதாயம் வந்தால் 20 சதவீத வரி பிடித்தம் போக 400 கைக்கு வரும். வரியற்ற கணக்கில் முழு 500-உம் வரும். இரண்டையும் ஒரே கணக்காகச் சேர்த்துவிட்டால் பங்காதாயப் பதிவுகள் ஆண்டிறுதிச் சான்றிதழோடு ஒருநாளும் ஒத்துப்போகாது. விற்கும்போது ஒன்றுக்கு மூலதன ஆதாயக் கணக்கு உண்டு, மற்றொன்றுக்கு இல்லை. அவர் முன்பு செலவுச் செயலியொன்றில் இரண்டையும் சேர்த்தே வைத்திருந்ததால் இரண்டு ஆண்டுப் பங்காதாயங்களையும் திரும்பப் பிரிக்க வேண்டியிருந்தது.

“ஒண்ணுதானேம்மா?”

தாய் இந்த அமைப்பை முதலில் ஏற்கவில்லை. “எங்க பணம் ரெண்டு பேருக்கும் ஒண்ணுதானேம்மா? அப்பா பேர்ல தனியா, என் பேர்ல தனியான்னு ஏன் பிரிக்கிறே?” என்று மகளிடம் கேட்டார். கேள்வி நியாயமானது, சட்டமும் பாதி அவர் பக்கம் இருக்கிறது.

கோயிலில் நடந்த அவர்களுடைய திருமணம் பின்னர் அரசுப் பதிவிலும் ஏறியது. முன் ஒப்பந்தம் எதுவும் எழுதவில்லை. அப்படிப்பட்ட திருமணத்தில் சொத்து இருவருக்கும் கூட்டுச் சொத்து. வட்டி, பங்காதாயம், மூலதன ஆதாயம் போன்றவை யார் பெயரில் வந்தாலும் வரிக்காக இருவருக்கும் சரிபாதியாகப் பிரிக்கப்படும். தந்தையின் வைப்பில் ஆண்டுக்கு 62,000 ராண்ட் வட்டி. தாயின் பணச்சந்தை யூனிட் டிரஸ்டில் 3,000. தந்தை தனி ஆளாகக் கணக்கிடப்பட்டால் 65 வயதைக் கடந்தவருக்குரிய 34,500 ராண்ட் விலக்கு போக 27,500-க்கு வரி கட்ட வேண்டியிருக்கும். கூட்டிய 65,000-ஐப் பாதியாக்கினால் ஆளுக்கு 32,500. இருவருமே விலக்குக்குள் அடங்கிவிடுகிறார்கள். வங்கி தரும் சான்றிதழோ முழு 62,000-ஐயும் தந்தையின் அடையாள எண்ணின் கீழ் காட்டும். சார்ஸ் என்று எல்லோரும் அழைக்கும் வருவாய்த்துறை இப்போது பலருக்குத் தானாகவே மதிப்பீடு போட்டு அனுப்புகிறது. அதில் திருமண நிலை சரியாகக் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்காமல் ஒப்புக்கொள்ளக்கூடாது.

அப்படியானால் தாய் சொன்னது போல் இருவர் கணக்குகளையும் ஒன்றாகவே வைத்துவிடலாமா? கூடாது. தாயின் வரியற்ற சேமிப்பு வரம்பு அவருக்கே உரியது; கணவருடையதோடு சேராது. லிவிங் ஆனுயிட்டி தந்தை பெயரில் இருக்கிறது. அவர் குறித்த வாரிசுக்கு நேரடியாகப் போவது. வங்கியும் பங்குப் பதிவாளரும் பெயரில் உள்ளவரின் கையெழுத்தைத்தான் கேட்பார்கள். ஆகவே கணக்குகளை ஆவணத்தில் உள்ள பெயரிலேயே வைத்து, ‘அப்பா அம்மா கூட்டு’ என்ற பெயரில் இருவருடைய வரிக்குரிய கணக்குகளும் அடங்கிய ஒரு குழுவை உருவாக்கினோம். ஆண்டிறுதியில் அந்தக் குழுவின் வட்டியைப் பாதியாக்கினால் வரிக்கான எண் கிடைக்கிறது. பிரித்து வைத்ததை வேண்டும்போது கூட்டிப் பார்த்துவிடலாம்; சேர்த்து வைத்ததைப் பிரிப்பதற்குப் பழைய அறிக்கைகளையெல்லாம் தோண்ட வேண்டும். தாய் இந்த விளக்கத்தை ஏற்றுக்கொண்டார்.

அவருடைய அரசு ஓய்வூதியத்தை மட்டும் பதிவேட்டில் சொத்தாக ஏற்றவில்லை. மாதாமாதம் வரும் உறுதி செய்யப்பட்ட வருமானம் அது; விற்கவோ மாற்றவோ முடியாது. அதற்கு ஒரு மதிப்பை நாமே கற்பித்து உள்ளே வைத்தால் குடும்பத்தின் மொத்தத் தொகை பெருத்துக் காட்டுமே தவிர வேறு பயன் இல்லை. ஸ்டோக்வெல் எனப்படும், சீட்டு போன்ற குழுச் சேமிப்பில் அவர் போடும் பணத்தையும் வெளியே வைத்தோம். அது பல வீட்டாரின் கூட்டுப் பணம்.

மாற்றமா, எடுத்துக் கொடுத்ததா

மென்பொருளில் பணம் நகர்வதைக் குறிக்க இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றம் என்று ஒரே பதிவாகப் போடலாம். அல்லது ஓரிடத்தில் எடுப்பு, வேறிடத்தில் செலுத்துகை என்று இரண்டு பதிவுகளாகப் போடலாம். எண்களின் முடிவு இரண்டிலும் ஒன்றாக இருப்பதால் பலர் இதை அலட்சியமாக விட்டுவிடுகிறார்கள். குடும்பப் பதிவேட்டில் இது மிக முக்கியமான வேறுபாடு என்று நான் கருதுகிறேன்.

மகன் தம் வரியற்ற கணக்கை 2021-இல் ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொண்டார். நிறுவனங்களுக்கிடையே இப்படி மாற்ற 2018 மார்ச் முதல் அனுமதி உண்டு; உரிய படிவத்தின் வழியாக மாற்றினால் அது புதிய செலுத்துகையாகக் கொள்ளப்படாது. அவருடைய பழைய பதிவிலோ அது 140,000 ராண்ட் எடுப்பு, 140,000 ராண்ட் செலுத்துகை என்று இருந்தது. அதை அப்படியே ஏற்றியிருந்தால் வாழ்நாள் வரம்பில் 140,000 ராண்ட் இருமுறை கழிந்ததாகப் பதிவேடு காட்டியிருக்கும். இதை ‘மாற்றம்’ என்றே திருத்தினோம். உண்மையில் பணத்தைக் கையில் எடுத்துவிட்டு மறுபடி செலுத்தியிருந்தால் சட்டமும் அதை இருமுறைதான் எண்ணும். எடுத்த தொகைக்கு வரம்பு திரும்பக் கிடைப்பதில்லை.

இதற்கு நேர் எதிரானது ஆள் மாறும் நகர்வு. 2024-இல் தாய் தம் யூனிட் டிரஸ்டிலிருந்து 60,000 ராண்ட் மகளுக்குக் கொடுத்தார். மகள் அதை ‘மாற்றம்’ என்று பதிந்திருந்தார். உரிமையாளர் மாறிவிட்டதால் இது தாயின் கணக்கில் எடுப்பாகவும் மகளின் கணக்கில் செலுத்துகையாகவும், இரண்டிலும் ‘அம்மா கொடுத்த நன்கொடை, திருப்பித் தரவேண்டியதில்லை’ என்ற குறிப்போடும் இருக்க வேண்டும். ஆண்டுக்கு 100,000 ராண்ட் வரையிலான நன்கொடைக்கு அப்போது வரி இல்லை. ஆனால் கொடுத்தது நன்கொடையா கடனா என்பது நாளை சொத்துப் பங்கீட்டின்போது கேட்கப்படும். அண்ணன் தங்கைக்குள் அந்தக் கேள்வி எழும்போது பதில் ஏற்கெனவே எழுதப்பட்டிருப்பது நல்லது. பேரனின் வங்கி வைப்பிலும் இதே கவனம் தேவைப்பட்டது. பெற்றோர் கொடுத்த பணத்தில் சிறுவனுக்கு வரும் வட்டி பெற்றோரின் வருமானமாகவே கருதப்படும். தாத்தா கொடுத்ததில் வருவது சிறுவனுடையது. பணம் யார் கொடுத்தது என்ற குறிப்பு இல்லாமல் வைப்பை மட்டும் பார்த்தால் இந்த வேறுபாடு தெரியாது.

தந்தையின் பங்குகள்

வேலை அதிகம் பிடித்தது இதுதான். ஓல்ட் மியூச்சுவல் 1999-இல், காப்பீட்டுதாரர்களே உரிமையாளர்களாக இருக்கும் பரஸ்பர நிறுவனம் என்ற நிலையிலிருந்து பங்கு நிறுவனமாக மாறியபோது காப்பீட்டுதாரர்களுக்கு இலவசமாகப் பங்குகள் கிடைத்தன. தந்தைக்குக் கிடைத்தவை 800. ‘இலவசம்தானே, அடக்க விலை பூஜ்யம்’ என்று மகளின் தாளில் எழுதியிருந்தது. தென்னாப்பிரிக்காவில் மூலதன ஆதாய வரி 2001 அக்டோபர் முதல் தேதிதான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பே கையில் இருந்த சொத்துக்கு அந்த நாளைய மதிப்பை வைத்து அடக்க விலை காண வழியிருக்கிறது. பட்டியலிடப்பட்ட பங்குகளுக்கு அந்த நாளைய மதிப்புகளைச் சார்ஸே வெளியிட்டிருக்கிறது. எனவே பணம் எதுவும் போகாமல் பங்கு மட்டும் உள்ளே வந்ததாக, அந்தத் தேதியில், அந்த மதிப்பில் தொடக்கப் பதிவைப் போட்டோம்.

அதன்பிறகு பங்குகளின் எண்ணிக்கை மாறிக்கொண்டே வந்திருக்கிறது. 2012-இல் எட்டுப் பங்குக்கு ஏழு என்று ஒருங்கிணைத்ததில் 800 என்பது 700 ஆனது. 2018 ஜூனில் நிறுவனம் பிரிந்தபோது மூன்று பங்குக்கு ஒன்று வீதம் குயில்டர் என்ற நிறுவனத்தின் பங்குகள் தனியாக வந்தன. 233 பங்குகள் கிடைத்து, பின்னத்துக்கு ரொக்கம் வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் நெட்பேங்க் பங்குகள் 22 வந்தன. 2021 நவம்பரில் மறுபடியும் சில நெட்பேங்க் பங்குகள் சேர்ந்தன. மகளின் தாளில் நெட்பேங்க் பங்குகள் எங்கிருந்தோ முளைத்தவை போல அடக்க விலையே இல்லாமல் இருந்தன. ஓல்ட் மியூச்சுவலோ பெரும் சரிவு கண்டதாகத் தெரிந்தது. உண்மையில் ஒரு சொத்தின் மதிப்பு மூன்றாகப் பிரிந்திருந்தது. இப்படிப் பிரியும்போது பழைய அடக்க விலையையும் சந்தை மதிப்பின் விகிதத்தில் பகிர்ந்து கொடுக்க வேண்டும். அந்த விகிதத்தை நிறுவனங்களே பங்குதாரர்களுக்கு அறிவிக்கின்றன. பிரிந்து வந்த பங்கைப் பங்காதாயம் என்று பதிந்துவிடுவது பரவலான தவறு. அது வருமானத்தைப் பெருக்கிக் காட்டி, அடக்க விலையைப் பழைய இடத்திலேயே விட்டுவிடும். குயில்டர் பங்குகளைக் குடும்பம் வந்த ஆண்டிலேயே விற்றுவிட்டதால் அந்தக் கிளை அத்தோடு முடிந்தது.

புத்துமா நாத்தியின் சிக்கல் வேறு. மல்ட்டிசாய்ஸ் தென்னாப்பிரிக்க நிறுவனத்தின் பங்குரிமையைக் கறுப்பினத்தவருக்கு விரிவாக்கும் திட்டமாக 2006-இல் பங்கு ஒன்று 10 ராண்டுக்கு வெளியிடப்பட்டது அது. இந்திய வம்சாவளியினரும் அந்த வரையறைக்குள் அடங்குவர். இந்தப் பங்கு ஜோகன்னஸ்பர்க் சந்தையின் பட்டியலில் இல்லாததால் மென்பொருள் தானாக இழுத்துவரும் விலைகளில் அது வராது. மாதம் ஒருமுறை விலையைக் கையால் ஏற்றுவது என்று முடிவு செய்தோம். விலை தெரியவில்லை என்று வாங்கிய விலையிலேயே விட்டுவைப்பதை நான் ஏற்பதில்லை. குடும்பத்தின் மொத்தத்தில் அது பொய்யான எண்.

சென்ட்டும் காற்புள்ளியும்

ஜோகன்னஸ்பர்க் சந்தை விலைகளை ராண்டில் சொல்வதில்லை, சென்ட்டில் சொல்கிறது. யூனிட் டிரஸ்டுகளின் விலையும் பெரும்பாலும் சென்ட்டில்தான். சாட்ரிக்ஸ் 40-இன் விலை 8,000 என்று வந்தால் அது 80 ராண்ட். முதன்முதலில் விலைகளை இழுத்த மாலை, மகனின் 400 யூனிட்டுகள் 32,000 ராண்டாக இருக்க வேண்டிய இடத்தில் 32 லட்சமாக நின்றன. வாங்கிய பதிவுகள் ராண்டில் இருந்தன, விலை சென்ட்டில் வந்தது. பங்கு, யூனிட் என ஒவ்வொரு முதலீட்டுப் பத்திரத்துக்கும் விலை வரும் அலகைச் சரியாகக் குறிக்க வேண்டும். அதற்கு வழியில்லாத மென்பொருளில் விலையை 100-ஆல் வகுத்து ஏற்ற வேண்டும். நூறு மடங்கு பிசகு உடனே கண்ணில் படும் என்று நினைக்கலாம். சிறு தொகையுள்ள ஒரு பத்திரத்தில் மட்டும் நேர்ந்தால் மொத்தக் கணக்குக்குள் ஒளிந்துகொள்ளும்.

அறிக்கைக் கோப்புகளை ஏற்றும்போது இன்னொரு தடை. தென்னாப்பிரிக்க வழக்கில் ஆயிரங்களைப் பிரிக்க இடைவெளியும், தசமத்துக்குக் காற்புள்ளியும் இடுவார்கள்: 12 345,67. வேறு வழக்கை எதிர்பார்க்கும் மென்பொருள் இதைப் பன்னிரண்டு என்றோ, பன்னிரண்டு லட்சத்துக்கு மேல் என்றோ படித்துவிடக்கூடும். சில கோப்புகளில் அந்த இடைவெளி சாதாரண இடைவெளிகூட அல்ல. தேடி நீக்கினாலும் அகலாத வேறொரு குறி. ஒரு கலத்திலிருந்து அதை நகலெடுத்துத் தேடும் பெட்டியில் ஒட்டி நீக்கினால் போய்விடும். எந்தக் கோப்பையும் முழுவதுமாக ஏற்றும் முன் மூன்று வரிகளை மட்டும் ஏற்றிப் பார்ப்பது என்ற பழக்கத்தை மகன் வழக்கமாக்கிக்கொண்டார்.

வரி ஆண்டையும் மென்பொருளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். ஆண்டு என்று அது எடுத்துக்கொள்வது ஜனவரி முதல் டிசம்பர் வரை. நாமே கால எல்லையை அமைக்கும்போது தொடக்கத் தேதியின் முடிவு மதிப்பிலிருந்து கணக்குத் தொடங்குகிறது என்பதால் 2024-25 வரி ஆண்டுக்கு 2024 பிப்ரவரி 29 முதல் 2025 பிப்ரவரி 28 வரை என்று கொடுத்தோம். பிப்ரவரி கடைசி நாளில் அனுப்பும் பணம் மார்ச்சில் போய்ச் சேர்ந்தால் அடுத்த ஆண்டுக் கணக்கில் விழும். அதனால் செலுத்துகைத் தேதியாக நிறுவனத்துக்குப் பணம் கிடைத்த தேதியையே பதிகிறோம்.

நோக்கமும் ஆதாய விகிதமும்

குடும்பங்களுக்குப் பிடித்தமான பிரிவு நோக்கவாரிப் பிரிவு: பேரன் படிப்பு, பெற்றோரின் மருத்துவச் செலவு, வீடு. அதைக் கணக்கின் பெயரிலேயே வைக்க மகள் விரும்பினார். நான் வேண்டாம் என்றேன். நோக்கம் மாறும், உரிமையும் உறையும் அவ்வளவு எளிதில் மாறாது. மாறக்கூடியதை மேலே போடும் அடையாளமாக வைப்பதே சரி. போர்ட்ஃபோலியோ பெர்ஃபார்மன்ஸில் வகைப்பாடு என்ற வசதி பத்திரத்தின் மேல் வேலை செய்கிறது. அந்தப் பத்திரம் யார் கணக்கில் இருக்கிறது என்று அது பிரித்துப் பார்ப்பதில்லை. பேரனும் மாமாவும் ஒரே இ.டி.எஃப்.-ஐ வைத்திருந்தால் ‘படிப்பு’ என்ற வகை இருவருடையதையும் அள்ளிக்கொள்ளும். ஆகவே நோக்கத்துக்குக் கணக்குக் குழுக்களையும், பங்கு, கடன்பத்திரம், வெளிநாடு போன்ற சொத்து வகைகளுக்கு வகைப்பாட்டையும் பயன்படுத்தினோம். ஆர்.ஏ.-க்குள் இருக்கும் கலப்பு நிதியை அதன் மாத அறிக்கையைப் பார்த்துச் சதவீதமாகப் பிரித்துக் கொடுத்தோம். ஓய்வு நிதிகளில் வெளிநாட்டு முதலீடு 45 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்ற விதி இருப்பதால் ஆர்.ஏ.-யின் வெளிநாட்டுப் பகுதிக்கு ஓர் எல்லை உண்டு; அந்த எல்லைக்குள் வராமல் மகன் டாலர் கணக்கில் வைத்திருப்பது குடும்பத்தின் வெளிநாட்டுப் பங்கில் எவ்வளவு கனக்கிறது என்பது அப்போதுதான் எல்லோருக்கும் தெரியவந்தது.

லிவிங் ஆனுயிட்டியில் தந்தை மாதந்தோறும் பணம் எடுக்கிறார், ஆண்டுக்கு 2.5 முதல் 17.5 சதவீதத்துக்குள் எடுக்கலாம், விகிதத்தை ஆண்டுக்கு ஒருமுறைதான் மாற்றலாம். எடுக்கும் தொகையில் வருமான வரி பிடித்துக்கொண்டு மீதியே வங்கிக்கு வருகிறது. அந்தப் பிடித்தத்தை மென்பொருளில் ‘வரி’ என்று பதிந்தால் முதலீடே அவ்வளவு இழந்ததாக ஆதாய விகிதம் குறையும். அது தந்தையின் வருமானத்துக்கான வரி, முதலீட்டின் செலவல்ல. எனவே பிடித்தத்துக்கு முந்தைய முழுத் தொகையையும் எடுப்பாகப் பதிகிறோம். மாறாக, நிறுவனம் தன் கட்டணத்துக்காக மாதாமாதம் சில யூனிட்டுகளை விற்று எடுத்துக்கொள்வதைக் கட்டாயம் செலவாகப் பதிய வேண்டும். இல்லையென்றால் ஆண்டிறுதியில் நம்மிடம் உள்ள யூனிட் எண்ணிக்கை அறிக்கையில் உள்ளதைவிட அதிகமாக நிற்கும்.

ஐந்து பேருக்கும் சேர்த்து ஒரே ஆதாய விகிதம் காட்டும் திரையை முகப்பிலிருந்து எடுத்துவிட்டோம். எழுபத்தொரு வயதில் மாதாமாதம் எடுத்துச் சாப்பிடும் பணத்துக்கும், ஒன்பது வயதுப் பையனுக்காகப் போட்டு வைக்கும் பணத்துக்கும் பொதுவான விகிதம் ஒன்று இருக்க முடியாது.

இப்போதைய நிலை

கோப்பைத் திருத்துபவர் மகள் மட்டும். மற்றவர்களுக்கு மாதமொருமுறை அவரவர் குழுவின் அறிக்கை போகிறது. இருவர் ஒரே நேரத்தில் திருத்தினால் கடைசியாகச் சேமித்தவரின் பதிவே நிற்கும் என்பதால் இந்த ஏற்பாடு. ஒவ்வொரு கணக்கிலும் வாரிசாகக் குறிக்கப்பட்டவர் யார் என்ற தகவலைக் கூடுதல் புலமாகச் சேர்த்தோம். அதை நிரப்பும்போதுதான் லிவிங் ஆனுயிட்டியில் வாரிசாகத் தந்தையின் காலமான அண்ணன் பெயர் இன்னும் இருப்பது தெரிந்தது, அது திருத்தப்பட்டுவிட்டது.

வருடாந்திர வரிச் சான்றிதழ்கள் வந்ததும் கணக்குவாரியாக ஒப்பிட்டதில் மகனின் டாலர் கணக்கைத் தவிர மற்றவை ஒத்துப்போயின. அதில் உள்ள வேறுபாடு எந்த நாளின் மாற்று விகிதத்தை எடுப்பது என்பதால் வருவது. வரிப் படிவத்துக்குச் சார்ஸ் வெளியிடும் சராசரி விகிதத்தையும், பதிவேட்டுக்கு அன்றாட விகிதத்தையும் வைத்துக்கொள்வதாக முடிவாகியிருக்கிறது. 2025 மார்ச் முதல் மகள் முதல் நிறுவனத்தில் மாதம் 3,000 ராண்ட் மட்டும் செலுத்துகிறார்; இரண்டாம் நிறுவனத்தில் இருப்பதை உரிய படிவத்தின் வழியே முதல் நிறுவனத்துக்கு மாற்ற விண்ணப்பித்திருக்கிறார். பையனின் கணக்குக்கு மாதம் 1,000 என்பதை எவ்வளவு உயர்த்துவது என்பது இன்னும் பேச்சில் இருக்கிறது. தாத்தாவும் அதில் பங்கேற்க விரும்புகிறார். அவர் செலுத்தும் தொகைக்குத் தனிக் குறிப்பு இடும் பழக்கம் ஏற்கெனவே இருப்பதால் பதிவேட்டில் அதற்குப் புதிதாக எதுவும் செய்ய வேண்டியதில்லை.